கோனியின் உடல் கிடைக்கவில்லை

அன்று காலை தண்ணீர் மோரீனின் மார்புக்கு வந்திருந்தது. அதற்குள் நின்றபடியே அவள் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். நாளுக்கு இரண்டு விரல் ஏறுகிறது. அவள் நடித்த காட்சி டிவியில் ஒளிபரப்பாக இன்னும் ஒன்பது நாள். அந்த வெள்ளிக்கிழமை மூக்கைத் தாண்டிவிடும் என்று தெரிந்ததும் பதினைந்து வயது மகள் ஜோசி டெலிபோனுக்கு ஓடினாள். இரண்டு முறை தப்பான எண்ணைச் சுற்றினாள்.

அது கால்வாய்த் தண்ணீர். பழுப்பு நிறம், மேலே ஒரு வாத்து இறகு. மோரீனைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு நின்று, அவள் போகுமிடமெல்லாம் கூடவே போனது. சோபா நனையவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் ஒரு டிக்கெட்தான் கிழித்தார். குழாய் ரிப்பேர்க்காரர் வந்து பார்த்து, வீட்டுக் குழாயில் கோளாறு இல்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

இருபத்திரண்டு வருடம் அவள் டிவி தொடரில் மீன் வறுவல் கடை கோனியாக நடித்தவள். இங்கிலாந்தில் அவர்கள் ஊரான சால்ஃபோர்டில் யாரும் அவளை மோரீன் என்று கூப்பிட்டதில்லை. தொடரில் கோனி கல்யாணம் செய்த வாரம் தபாலில் பதினொரு டீ கெண்டி பரிசாக வந்தது. கோனி தங்கை புருஷனோடு ஓடிய வருடம் கசாப்புக் கடைக்காரர் எலும்பாகவே நிறுத்துப் போட்டார். பக்கத்து வீட்டு மிசஸ் ஹிண்டில் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "கூடப் பொறந்தவ புருஷன்தான் கெடச்சானா ஒனக்கு?" என்று கேட்டாள்.

இந்த வருடம் வந்த புதுத் தயாரிப்பாளர் கோனியைக் கால்வாயில் மூழ்கடித்துவிடச் சொன்னார். ஆறு வாரம் முன்கூட்டியே படம் பிடிப்பது அங்கே வழக்கம். ஒளிபரப்பும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்பது ஒப்பந்தம். ஸ்டூடியோத் தொட்டியில் ஒரே டேக்கில் செத்து, தலையைத் துவட்டிக்கொண்டு மோரீன் வீடு திரும்பியபோது கணுக்கால் அளவுக்குத் தண்ணீரும் கூடவே வந்தது.

ஜோசி டெலிபோன் செய்தது தொடருக்குக் கதை எழுதும் டெரிக்குக்கு. அவர் வந்தார், பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். எடுத்ததை இனி மாற்ற முடியாது என்றார்.

"கோனி சாகட்டும் அங்கிள். பொணத்த மட்டும் காட்டாதீங்க."

டெரிக் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிணத்தைக் காட்டாத வரைக்கும் தொடரில் யாரும் செத்ததாகக் கணக்கில்லை. பத்து வருடம் கழித்து ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் உண்டு. யாருக்கும் தெரியாமல் பிணம் தெரியும் பதினொரு வினாடியை வெட்டி எறிந்தார்.

வெள்ளிக்கிழமை இரவு தண்ணீர் கீழுதடு வரை ஏறி நின்றது. மறுநாள் வாசல் நிறையப் பூங்கொத்துகள். மிசஸ் ஹிண்டில் அழுத கண்ணோடு வந்து மோரீனை மேலும் கீழும் பார்த்தாள். "கோனி போயிட்டா கண்ணு. எவ்ளோ நல்ல மனுஷி தெரியுமா? ஆமா, நீ யாரு, இந்த வீட்டுக்குப் புதுசா?"

அதற்குப் பிறகு மோரீன் தாடையைத் தூக்கியே நடந்தாள், டீயை உறிஞ்சுகுழல் வைத்துக் குடித்தாள். தெருவும் பழகிக்கொண்டது. தொடரில் மூன்று வாரம் போலீஸ் கால்வாயைத் துழாவியது. நாலாவது வாரம் மீன் கடைக்குப் புது ஆள் வந்துவிட்டான், கோனி பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டு மோரீன் மகள் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"தேடறத விட்டுட்டாங்க போல. இனிமே இந்தத் தண்ணி ஏறுமா ஜோசி, எறங்குமா?"