பென்யால்பாவை இறக்கிய கோல்

அம்மா செத்த பிறகுதான் செனென் கிரோஸ் தன் சொந்த ஊரான பென்யால்பாவுக்குத் திரும்பி வந்தான். துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த அவளுடைய வீடு காலியாகக் கிடந்தது. அவனுக்கும் போக வேறு இடமில்லை.

மீசை அரும்பும் வயதில் இந்த ஊர்க் கால்பந்து அணிக்குத்தான் முதலில் ஆடினான். புதிதாக வந்த பயிற்சியாளர், “உனக்குக் கால் கனம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பிறகு ஊர் ஊராக ஆட்டம். தெற்கே வெயில் கொளுத்தும் ஊர்கள், கடைசியில் சைப்ரஸ். போன இடத்திலெல்லாம் பாதி நாள் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். முழங்கால் ஒத்துழைக்க மறுத்தபோது ஆட்டத்தை விட்டான். அதற்கு முன்பே மனைவி அவனை விட்டிருந்தாள். மகள் சரகோசா நகரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள், ஞாபகம் வந்தால்.

இத்தனை வருட ஆட்டத்தில் ஜனங்களின் நினைவில் நின்றது ஒரே ஒரு கோல். அது பென்யால்பாவுக்கு எதிராக அவன் போட்டது.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் அது. சமன் செய்தாலே பென்யால்பா இரண்டாம் பிரிவில் தங்கிவிடும். எதிரணியான வல்தோரோவின் மாற்று ஆளாக இறங்கிய செனென், ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், கொட்டுகிற மழையில், வலது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோய் உதைத்தான். பந்து வளைந்து, கோல்கீப்பர் வெலினோவின் விரல்களுக்கு மேலே பறந்து, வலையின் தூரத்து மூலையில் விழுந்தது. செனென் கொண்டாடவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். அதுவும் திமிர் என்றுதான் ஊரில் சொன்னார்கள். விரட்டியவர்களைப் பழிவாங்கிவிட்டான் என்று பத்திரிகைகள் எழுதின. அன்று மூன்றாம் பிரிவுக்கு இறங்கிய அணி பிறகு மேலே ஏறவேயில்லை.

இப்போது அவன் எத்தெல்வினாவின் மதுக்கடைக்குப் போனால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. பேச்சு மட்டும் சற்று நின்று, பிறகு வேறு பக்கமாகத் திரும்பிக்கொண்டு தொடரும். மழை பெய்தால் மீன்காரக் கிழவன் ஒருவன், “என்னப்பா செனென், உனக்கேத்த கிளைமேட்டு! இன்னிக்கு யாரைக் கவுக்கப் போற?” என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரித்துவைப்பான். அந்த ஊரில் மழை பெய்யாத வாரமே கிடையாது.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. ஊரில் இரும்புச் சாமான் கடை ஒன்றுதான், வெலினோவின் கடை. அதுவரை ஓர் ஆணி வேண்டுமென்றாலும் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனவன் செனென். அன்று வேறு வழியில்லை.

கடைக்குள் வெலினோ ஒரு பெயிண்ட் கம்பெனி ஆளுக்கு, கைகளை உயர்த்தி எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். எதை என்று செனெனுக்கு உடனே புரிந்துவிட்டது.

“இப்படி வந்துது சார், இப்படி. உலகத்துல எந்த கோல்கீப்பராலயும் புடிச்சிருக்க முடியாது. நான் அரை அடி முன்னால நின்னதை ஓடிக்கிட்டே பாத்துட்டான்னா பாருங்களேன், அவன் என்ன கண்ணு!” என்றவன், வாசலில் நின்றவனைக் கண்டதும் கையை இறக்கினான். “இதோ, ஆளே வந்தாச்சு. வேணும்னா அவனையே கேளுங்க.”

பெயிண்ட்காரர் கண்கள் விரியத் திரும்பினார். “நெஜமாவா சார்? கோல்கீப்பர் முன்னால வந்ததைப் பாத்துட்டுத்தான் அடிச்சீங்களா?”

செனெனின் பேண்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. இல்லை என்று சொல்ல வாய் திறந்தான். வெலினோவின் முகம் வெளுத்ததைப் பார்த்தான்.

“ஆமா சார், பாத்தேன்” என்றான்.

பெயிண்ட்காரர் கிளம்பிப் போனார். பிறகு செனென் சொன்னான். “அண்ணே, நான் கோலுக்கு அடிக்கல. நடுவுல ஓடிவந்தவனுக்குத்தான் தூக்கிப் போட்டேன். ஈரத்துல கால் வழுக்கிருச்சு, பந்து கணுக்கால்ல பட்டுப் போச்சு.”

“தெரியும்டா.”

“தெரியுமா?”

“அவனுக்குத்தான் நீ போடுவேன்னு நெனைச்சுத்தானே நான் முன்னால வந்தேன். கோட்டுலயே நின்னுருந்தா தொப்பியாலயே புடிச்சிருப்பேன்.” வெலினோ ஒரு டப்பாவில் கையை விட்டுத் துழாவினான். “நீ கோல் போடவே பொறந்தவன்னு ஊர் சொல்லட்டும். தவறி விழுந்த பந்தைக்கூட விட்டுட்டான் வெலினோன்னு சொன்னா, நான் இந்தக் கடையைத் தொறக்க முடியுமா?”

“அப்ப நான் துரோகியாவே இருந்துட்டுப் போறதா?”

“நீதான் ஊரை விட்டுப் போயிட்டியேடா. இங்கயே கெடந்தவன் நான்.”

“இப்ப நானும் இங்கதானே அண்ணே இருக்கேன்.”

செனென் உடைந்த குழாயைப் பற்றிச் சொன்னான். வெலினோ அளவு கேட்டான், குழாயை எடுத்தான், பிறகு “உனக்கு இதை மாட்டத் தெரியாது” என்று முணுமுணுத்துக் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தான். ஈரத்தரையில் மல்லாந்து படுத்து வேலை செய்தான். செனென் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். முடிந்ததும் இருவரும் ஆளுக்கொரு தம்ளர் ஆப்பிள் மது குடித்தார்கள். சின்ன வயதில் செனென் பயிற்சிக்கு அம்மாவின் ரொட்டியைக் கொண்டுவந்து பகிர்ந்ததைச் சொல்லி வெலினோ சிரித்தான். அந்த வீட்டில் வேறொரு மனிதக் குரல் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அவன் போன பிறகும் செனென் இரண்டாவது தம்ளரைக் கழுவாமல் வைத்திருந்தான்.

சனிக்கிழமை மதுக்கடைக்குச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனான். வெலினோவும் இன்னும் இருவரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நான்காவது நாற்காலி காலி. எத்தெல்வினா நல்ல மனசோடு குரல் கொடுத்தாள்: “ஒரு கை கொறையுதே, செனெனைச் சேத்துக்கக் கூடாதா?”

மற்ற இருவரும் வெலினோவைப் பார்த்தார்கள். அவன் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மூணு பேரே போதும்” என்றான்.

செனென் கவுண்ட்டரில் நின்றபடியே குடித்து முடித்தான். அவசரப்படவில்லை. எத்தெல்வினாவுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான்.

அதன் பிறகும் அவன் ஊரில்தான் இருக்கிறான். மதிய நேரத்தில், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது எதிர்ப்பட்டால் வெலினோ நின்று, “குழாய் ஒழுகுதாடா?” என்று கேட்பான்.

“இல்லண்ணே, நல்லாருக்கு” என்பான் செனென். அதற்குள் யாராவது முனை திரும்பி வந்துவிட்டால், இருவரும் அவரவர் பக்கம் நடந்துவிடுவார்கள்.