அண்ணன் காபி

தம்பியின் வலது கையைத் தன் மடியில் வைத்து, நகக்கண்ணில் அடைந்திருந்த காபித்தூளைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தான் இருசப்பன். சீயக்காய் போட்டும் போகவில்லை. அப்போதுதான் பந்தலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் அல்ல, ஏழெட்டுப் பேர்.

ஈரக்கையோடு எழுந்து போனான்.

"சாவு வூட்ல இன்னாய்யா சிரிப்பு?"

வெள்ளிமலை பஸ் கண்டக்டர் வெற்றிசெல்வன் சட்டென்று எழுந்தான். கண்கள் சிவந்திருந்தன. "தப்பா நெனைக்காதீங்கண்ணே. சின்னராசு காபிக்கு வெச்ச பேருங்கள சொல்லிக்கினு இருந்தோம். கடைசி பஸ்ஸ வுட்டுட்டு நிக்கிறவங்களுக்குன்னே ஒரு காபி. பேரு 'பஸ் போயிடுச்சு'. நான் போனா நுரை மேல பஸ் படமே போட்டுக் குடுப்பான். அதுல ஒரு சக்கரம் மட்டும் கழண்டு தனியா ஓடிக்கினு இருக்கும்."

மறுபடி யாரோ சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இருசப்பனுக்கு விளங்கவில்லை. அவனுக்குத் தெரிந்த சின்னராசு சோறு தின்னும்போதுகூடத் தலை நிமிரமாட்டான். சென்னையில் பத்து வருஷம் காபிக் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவன், வீட்டுக்கு எதிரே, அணைக்குப் போகிற ரோட்டோரம் தன் பங்குக் கரும்பை அழித்துவிட்டு எஸ்பிரஸ்ஸோ காபி மிஷினை இறக்கினான். "கரும்பு இருந்த எடத்துல நுரையா?" என்று இருசப்பன் கேட்டபோது அவன் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரே வீட்டில் இருந்தும், இரண்டு வருஷமாக இருசப்பன் அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை. நேற்று மத்தியானம் அந்தக் கடைக்குள்தான் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். முப்பத்தெட்டு வயசு.

"ஒங்க காபிதாண்ணே ஜாஸ்தி ஓடும்," என்றான் வெற்றிசெல்வன்.

"என் காபியா?"

"அண்ணன் காபி. பலகையில எழுதியே வெச்சிருக்கானே."

"அதுல இன்னா இருக்கும்?"

"ஒரே கசப்பு. மூஞ்சிய சுளிச்சா கை தட்டுவான்."

"கசப்பா?" கரியாலூரிலிருந்து கடைக்குத் தேன் கொண்டுவரும் ஆயம்மாள் பந்தக்கால் பக்கத்திலிருந்து மறுத்தாள். "எனக்கு இனிப்பாத்தான் குடுத்தாரு. ஆரஞ்சுத் தோலு சீவிப் போடுவாரு. ஒரு தரம் மெளகு போட்டாரு."

"எனக்கு மெளகே போட்டதில்லியே," என்றான் கண்டக்டர்.

"தெனம் ஒரு மாதிரிங்க. இன்னும் அமையல, இன்னும் அமையலன்னு அவரே குடிச்சிப் பாத்துட்டு சிரிப்பாரு."

இருசப்பன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கேலியாகத்தான் வைத்திருப்பான். கேலி என்றால் எதற்குத் தினமும் மாற்றிப் போட வேண்டும்? அமையவில்லை என்றால், என்ன அமையவில்லை? பதில் தெரிந்தவன் பாதிக் குளியலில் பெஞ்சின் மேல் கிடந்தான்.

"மிஷின நிறுத்துனீங்களா?" என்றாள் ஆயம்மாள் திடீரென்று.

யாரும் நிறுத்தவில்லை. மீதித் தண்ணீரை ஊற்றும்படி பங்காளிகளிடம் சொல்லிவிட்டு அவளோடு ரோட்டைத் தாண்டினான். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்தார்கள். நேற்றிலிருந்து ஆளில்லாமல் கொதித்து, மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது மிஷின். சுவரில் கரும்பலகை. பஸ் போயிடுச்சு, மாமியார் வூடு, மழ வருமா, அண்ணன் காபி. மற்ற பேர்களுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு சின்னப் படம். அண்ணன் காபிக்குப் பக்கத்தில் மட்டும், வரைந்து வரைந்து அழித்த சாக்பீஸ் வெள்ளை.

"நிறுத்தறதுக்கு முன்னாடி அதப் போடு," என்றான்.

"எதங்க?"

"என்னுத."

"பால் நுரைக்க மட்டுந்தாங்க காட்டிக் குடுத்தாரு. அளவு தெரியாது."

"தெரிஞ்ச வரைக்கும் போடு."

மிஷின் உறுமியது. ஆயம்மாள் பாலை ஊற்றும்போது நுரை ஒரு பக்கமாக ஒதுங்கி, இலையும் இல்லாமல் பூவும் இல்லாமல் நின்றது. இருசப்பன் ஒரு வாய் குடித்தான். கசந்தது. அப்புறம் கசக்கவில்லை. வேறு ஏதோ இருந்தது. அதற்குப் பேர் சொல்லத் தெரியவில்லை.

"இதுதானா?"

"இல்லீங்க." ஆயம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆனா இது மாதிரியும் ஒரு நாளு போட்டிருப்பாரு."

"இருசப்பா! எடுக்கற நேரம் ஆச்சு," என்று எதிரிலிருந்து குரல் வந்தது. ஆயம்மாள் சுவிட்சை அணைத்தாள். கப்பைக் கழுவுவதற்காகக் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நுரை தளும்பிவிடாமல், அடிமேல் அடி வைத்து, தம்பியை நோக்கி ரோட்டில் இறங்கினான். வந்த டிராக்டர் ஒன்று நின்றது. பந்தலில் மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தார்கள்.