யாருடைய சீசா

உடலைக் குளிப்பாட்டும்போது வயிற்றை லேசாக அமுக்கினால் போதும் என்று பள்ளிவாசல் மோதினார் சொல்லியிருந்தார். பீர் முகமது அமுக்கினான். தம்பி சிக்கந்தரின் வாயோரம் கண்மாய்த் தண்ணீர் வழிந்தது. கூடவே சாராய நெடியும் வந்தது.

அந்த நெடியை அடையாளம் சொல்ல அந்தத் தெருவில் பீர் முகமதுவை விட்டால் ஆள் கிடையாது. பத்து வருடம் குடித்தே தீர்த்தவன். நிறுத்தி இரண்டு வருடமாகிறது. அம்மா மரியம் பீவி அவன் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஆரம்பித்ததே போன பெருநாளிலிருந்துதான். சிக்கந்தரோ தொழுகை தவறாதவன். கிராமம் கிராமமாகச் சேலை மூட்டையைச் சுமந்து விற்று, வீட்டை நிமிர்த்தியவன். சின்னவனைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று கேட்டுக் கேட்டுப் பெரியவனுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

பீர் முகமது நிமிர்ந்து மோதினாரைப் பார்த்தான். அவருக்கும் நெடி எட்டியிருந்தது.

"குளிப்பாட்டுறவன் கண்டதைத் தன்னோட வச்சுக்கிறணும், பீரு. வெளிய சொல்லப்படாது" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீரை மொண்டு ஊற்றினார்.

பீர் முகமது தலையாட்டினான். தம்பியின் விரலிடுக்குகளில் இருந்த கண்மாய்ச் சேற்றை ஒவ்வொன்றாகக் கழுவினான். யுத்த காலம், துணிக்கு ரேஷன். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்த கஃபன் துணி ஒரு முழம் குறைந்தது. இழுத்துச் சரிசெய்து போர்த்தினார்கள்.

முற்றத்தில் ஏட்டு காத்திருந்தார். மடியில் காகிதக் கட்டு, காலடியில் ஒரு பச்சைச் சீசா. பாதிக்குச் சாராயம்.

"பரிசல்காரன் உக்கிரபாண்டி குடிபோதையில் பரிசலை அதிவேகமாகச் சுற்றியதால் கவிழ்ந்தது" என்று வாசித்தார். "கரையில நின்ன பத்துப் பேரு பாத்திருக்காங்க. பம்பரமாச் சுத்துச்சாம். மூடி போட்ட இந்தச் சீசாவும் கரை ஒதுங்குச்சு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா ரெண்டு வருசம் உள்ள தள்ளிருவோம்."

"அந்தாளு என்ன சொல்றான்?"

"ஒங்க தம்பிதான் துடுப்பைப் பிடுங்கிச் சுத்துனாராம். உக்காருங்கன்னு இவன் கெஞ்சுனானாம். எவனாச்சும் நம்புவானா? அவன் சட்டையில வாடை குடலைப் புரட்டுது."

"தம்பியக் கரைக்குத் தூக்கியாந்தது யாரு?"

"அவன்தான். தோள்ல போட்டுத் தூக்கியாந்தான்."

பீர் முகமதுவின் கண்ணுக்குள் தம்பியின் வாயோரம் வழிந்த தண்ணீர் வந்து நின்றது. அது அந்தத் தோளிலும் வழிந்திருக்கும். உள்ளே அம்மா தஸ்பீஹ் மணியை உருட்டுவது கேட்டது. திரைக்கு அந்தப் பக்கம் தம்பி மனைவி சைனப் இருந்தாள். எல்லாரும் இருந்தார்கள்.

"அது என் சீசா" என்றான்.

ஏட்டு நிமிர்ந்தார்.

"பாதியக் குடிச்சிட்டு மிச்சத்தத் தம்பி மூட்டையில ஒளிச்சு வச்சேன். தெரியாமத் தூக்கிட்டுப் போயிருக்கான். கசிஞ்சு அந்தாளு மேல பட்டிருக்கும்."

"அப்பப் பரிசல் எதுக்குய்யா சுத்துச்சு?"

"கண்மாய் நெறஞ்சு கெடக்கு, காத்து வேற. தம்பிக்கு நீச்சல் தெரியாது. பயந்து எந்திரிச்சிருப்பான். அந்தாள விட்டுருங்க."

ஏட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காகிதத்தில் இரண்டு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். பீர் முகமது கையெழுத்துப் போட்டான். மோதினார் ஊதுபத்தியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

மரியம் பீவி வாசற்படி வரை வந்து நின்றாள்.

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனியேடா."

அவன் குனிந்த தலையோடு, தம்பியைக் கிடத்தியிருந்த சந்தூக்கின் பக்கம் நகர்ந்தான்.

"என் புள்ள மூட்டையிலயா ஒளிச்சு வச்ச? அவன் சந்தூக்கத் தொடாத."

சந்தூக்கின் முன்காலைப் பிடிக்கப் போன கையை அவன் எடுத்துக்கொண்டான். அந்த இடத்தில் எதிர்வீட்டுக்காரர் தோள் கொடுத்தார். பள்ளிவாசல் வரைக்கும், அங்கிருந்து மையவாடி வரைக்கும், அவன் கடைசி ஆளாக நடந்தான். மூன்று பிடி மண் போடும்போது மட்டும் யாரும் தடுக்கவில்லை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீடு திரும்பினான். அம்மா முற்றத்துப் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் திரையோரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

திரையின் அடியிலிருந்து வளையல் கழற்றிய கை ஒன்று நீண்டது. ஒரு மூட்டையை அவன் பக்கம் தள்ளியது. தம்பியின் கட்டம் போட்ட துண்டு. அவிழ்க்காமலே உள்ளே இருப்பது கைக்குத் தெரிந்தது. மூன்று சீசாக்கள். ஒன்றில் இன்னும் கொஞ்சம் தளும்பியது.

"டிரங்குப் பொட்டிக்கு அடியில இருந்துச்சு" என்றாள் சைனப், மிக மெல்ல.

அவன் எழுந்தான். துண்டுக்குள் கண்ணாடி கிணுகிணுத்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

பீர் முகமது மூட்டையை மறைக்கவில்லை. கையில் தொங்கவிட்டபடி முற்றத்தைக் கடந்து, தெருவில் இறங்கினான்.