மூன்றாம் வரிசையில் மூன்று

மருத்துவக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. இறுதியாண்டு மாணவி ஒருத்தியை ஆறு வாரம் என் கிளினிக்கில் வைத்துப் பயிற்சி கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். உடனே சம்மதம் எழுதினேன். சேவை மனப்பான்மை என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. இருபத்திரண்டு வருஷமாக ஒரே அறையில் உட்கார்ந்து காது, மூக்கு, தொண்டை என்று மூன்றே சங்கதியை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷனுக்கு, பக்கத்தில் நின்று "அப்படியா சார்!" என்று வாய் பிளக்க ஓர் ஆள் கிடைத்தால் கசக்குமா?

வந்தவள் வாய் பிளக்கவில்லை. முதல் ஏமாற்றம் அதுதான்.

என் அறை சின்னது. நடுவில் தரையோடு திருகி வைத்த பரிசோதனை நாற்காலி. அதன் இடப்பக்கம் என் சக்கர ஸ்டூல், மைக்ரோஸ்கோப், காதைச் சுத்தம் செய்ய உறிஞ்சும் மெஷின். மெஷினைப் போட்டால் கிரைண்டர் ஓடுவதுபோல இரையும். வலப்பக்கம், கை கழுவும் தொட்டிக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைச் செருகி அவள் உட்கார்ந்துகொண்டாள். நோயாளியிடம் முதலில் அவள் பத்து நிமிஷம் பேச வேண்டும். அப்புறம் என்னிடம் விவரம் சொல்ல வேண்டும். நான் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்வேன். இதுதான் ஏற்பாடு.

இரண்டாவது வாரம் வரவேற்பு மேஜை அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சார், குட்டி டாக்டர் இருக்காங்களான்னு கேட்டுட்டுத்தான் டோக்கன் வாங்கறாங்க."

"நான் இருக்கேனான்னு யாரும் கேக்கலையா?"

"நீங்க எங்க சார் போகப் போறீங்க?"

சிரித்துவைத்தேன்.

மற்றவர்கள் போகட்டும். என்னைத் தாங்க முடியாமல் செய்தவர் தையல்காரர். ஆறு வருஷமாக என் நோயாளி. இடது காதுச் சவ்வில் ஓட்டை. அந்தப் பக்கம் கேட்கும் சக்தி ஏறக்குறைய போய்விட்டது. சீழ் வடிவது மட்டும் நிற்கவே இல்லை. மாதாமாதம் வருவார். நான் மெஷினைப் போட்டுச் சுத்தம் செய்தபடியே, முகக்கவசத்துக்குள்ளிருந்து நீளமாக அறிவுரை சொல்வேன். அவர் பயபக்தியோடு தலையாட்டுவார். இப்படியொரு கீழ்ப்படிதலுள்ள நோயாளி ஊரில் எவனுக்கும் கிடையாது என்று எனக்குள் ஒரு கர்வம். ஆறு வருஷத்தில் என்னிடம் அவர் பேசியதை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம்.

அவளிடம் பேசினார் பாருங்கள்! மகள் புருஷனோடு சண்டை போட்டு வீட்டுக்கு வந்துவிட்டது, பொத்தான் தைக்கக் கண் தெரியாமல் போனது, அளவு குறைத்துச் சொல்லும் பருமனான வாடிக்கையாளர்கள் என்று ஒன்று பாக்கி இல்லை. நடுவில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் தொண்டைக்கும் டாக்டர்.

போகும்போது என்னிடம் அவரே சொன்னார். "பொண்ணு என்ன தெளிவா பேசுது சார்! நீங்களும் சொல்றீங்க, இல்லேங்கல. ஆனா வாய்க்குள்ளயே சொல்லிக்கிறீங்க."

ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். "நேத்து முளைச்ச காளான் அது!"

"அந்தக் காளானைத்தான் அஞ்சு வாரமா தினம் ரெண்டு வேளை இங்க வதக்கறீங்க" என்றாள். "வேற ஏதாவது பேசுங்களேன்."

கடைசி வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்தேன். ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து மதிப்பெண். எந்த வரிசையிலும் நாலுக்குக் குறையாமல் வாங்கினால்தான் இதே துறையில் மேற்படிப்புக்குக் கல்லூரி சிபாரிசு செய்யும். அவள் ஆசைப்பட்டது இந்தத் துறை ஒன்றுக்குத்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றாம் வரிசை: நோயாளிகளிடம் பேசும் திறன். பேனா அங்கே வந்து நின்றது. 'அளவுக்கு மீறி உரிமை எடுத்துக்கொள்கிறாள்' என்று மனசுக்குள் ஒரு காரணம் தைத்தேன். மூன்று போட்டேன். உறையில் போட்டு ஒட்டினேன். கல்லூரி ஆள் ஐந்து மணிக்கு வந்து வாங்கிப்போவான்.

பதினொரு மணிக்குத் தையல்காரர் வந்தார், கையில் ஒரு துணிப்பையோடு. வீட்டிலிருக்கும் மருந்து எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தாளாம்.

"ஐயா, சொட்டு மருந்து எப்படிப் போடறீங்கன்னு எனக்கு ஒருவாட்டி போட்டுக் காட்டுங்க."

"இதென்ன பெரிய வித்தையா?" என்று அவர் தலையை இடது தோளில் சாய்த்தார். புட்டியைத் தூக்கினார். ஊசியில் நூல் கோக்கிற நிதானத்தோடு மூன்று சொட்டு விட்டார். வலது காதில்.

என் ஸ்டூல் தானாக ஓரடி பின்னால் உருண்டது.

"அந்தக் காதுல ஏன் ஐயா?" அவள் குரலில் அதிர்ச்சியே இல்லை.

"இதுதானே கேக்கற காது? இருக்கறதைப் பத்திரமா வெச்சுக்கத்தானே மருந்து. கெட்டுப்போனதுல ஊத்தி என்ன ஆகப்போகுது?"

"எத்தனை தடவை சொன்னேன்!" என்று நான் இந்தப் பக்கத்திலிருந்து முகக்கவசத்துக்குள்ளேயே கத்தினேன். "இடது காது, இடது காதுன்னு தொண்டை கிழியச் சொல்லலையா?"

தையல்காரர் என் பக்கம் திரும்பினார். ஆறு வருஷமாக ஆட்டிய அதே மாதிரி, பயபக்தியோடு, மூன்று முறை தலையாட்டினார். பிறகு அவள் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "சார் என்னம்மா சொல்றாரு?"

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஊரெல்லாம் சொல்லும். அதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு, மெஷினையும் போட்டுவிட்டு, ஆறு வருஷம் ஊதிய காது டாக்டர் நான் ஒருத்தன்தான்.

இனி இடது காதில் விடும்படி புரியவைத்து அவள் அவரை அனுப்பியதும், அவளிடம் திரும்பினேன். "அவருக்கு அந்தப் பக்கம் உக்காந்து பேசினாத்தான் கேக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் வாரமே உங்ககிட்ட சொன்னேனே சார். நாற்காலியைத் திருப்பிப் போடலாமான்னுகூடக் கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"தலையாட்டினீங்க சார்."

நான் கை கழுவப் போனேன். கழுவ ஒன்றுமில்லை, ஆனாலும் கழுவினேன். பின்னாலிருந்து அவள் கேட்டாள்:

"படிவத்தை அனுப்பிட்டீங்களா சார்? மூணாவது வரிசைய நெனச்சாத்தான் பயமா இருக்கு. நான் ரொம்பப் பேசறேன்னு எல்லாரும் அதுல குறைச்சிடுவாங்க."

"இன்னும் அனுப்பல. நீ சாப்பிடப் போம்மா."

கதவு சாத்தியதும் உறையைக் கிழித்தேன். மூன்றை அடித்து ஐந்து போட்டேன். அடித்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கீழே 'திருத்தத்துக்குக் காரணம்' என்று ஒரு கோடு, அதையும் நிரப்ப வேண்டும். யாரோ என்னை மாதிரி ஆட்களை நன்றாகத் தெரிந்து அச்சடித்த படிவம். பொறாமை என்று எழுதத்தான் நினைத்தேன். பேனா ஓடவில்லை. 'மதிப்பிட்டவர் தவறான பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்' என்று எழுதினேன். கல்லூரியில் புரிந்துகொண்டார்களோ இல்லையோ, சிபாரிசு கிடைத்துவிட்டது.

அடுத்த மாதம் தையல்காரர் வந்தபோது இடது காது காய்ந்து கிடந்தது, ஆறு வருஷத்தில் முதல் முறையாக. மெஷினை நிறுத்தினேன். முகக்கவசத்தைக் கழற்றினேன். தொந்தியை எக்கிக்கொண்டு சந்துக்குள் நுழைந்து, அவள் முக்காலியில் உட்கார்ந்தேன். "மருந்து நல்லா வேலை செய்யுது" என்றேன்.

அவர் திடுக்கிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க குரல் இப்படியா சார் இருக்கும்?"

"ஏன், எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றார் தையல்காரர் பெருந்தன்மையாக. "அந்தப் பொண்ணு எப்ப வரும்?"