இருமல் உட்பட

காது போனதில் எனக்கு வருத்தம் உண்டு. கோபம் அதைவிட அதிகம். தெற்கேயிருந்து வேலைக்கு வந்து, ஓசூர் சிப்காட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலில் நின்று நின்று, 2006-இல் இரண்டும் அடியோடு அடைத்துப்போயின. என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அதுகூடப் பரவாயில்லை. காது கேளாதவனிடம் யாரும் முழுசாக ஒரு வாக்கியம் பேசுவதில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வா, போ, சாப்பிடு. எழுதிக் காட்டினாலும் இரண்டே சொல். கல்யாணமான புதிதில் மூச்சுவிடாமல் சண்டை போட்ட என் மனைவி வீரலட்சுமிகூட இப்போது கை ஜாடையோடு நிறுத்திக்கொள்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான் பிரௌசிங் சென்டரில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. ராயக்கோட்டை ஜோதியம்மாள் வாரம் ஒருமுறை ரேடியோவில் வீட்டுக் கதை, ஊர்க் கதை எல்லாம் பேசுவார். காது இருந்தபோது நான் தவறாமல் கேட்ட பேச்சு. அதை யாரோ கௌசர் என்ற பெண் பதிவு செய்து, வரி விடாமல் தட்டச்சு செய்து போட்டிருந்தாள். துபாயில் இருக்கும் அக்காவுக்காகத் தொடங்கினாளாம். ‘இருமுகிறார்’ என்றுகூடப் போட்டிருந்தாள். ‘இங்கே பெங்களூர் ஸ்டேஷன் குறுக்கே வந்து ஒரு கன்னட விளம்பரம்’ என்றும் இருந்தது. ஆள் ஓசூர்ப் பக்கம்தான் என்று புரிந்துவிட்டது. வாராவாரம் லீவு நாளில் போய் உட்கார்ந்து படித்தேன். சுற்றி வளைத்து, கதையை விட்டு வெளியே போய்த் திரும்பி வரும் முழுப் பேச்சு! அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துவேன்.

2008-இல் ஒரு நாள் பக்கத்தின் தலையிலேயே ஓர் அறிவிப்பு. வானொலி நிலையம் காப்புரிமையைச் சொல்லி மெயில் அனுப்பியிருக்கிறது, அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் அழித்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. என் நிலைமையைச் சொல்லி, நிலையத்தையும் அவளையும் சேர்த்துத் திட்டி ஒரு பின்னூட்டம் போட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. என் பின்னூட்டத்தை அப்படியே நிலையத்துக்கு அனுப்பி, வழி உண்டா என்று கேட்டாள்.

நிலையத்திடமிருந்து ஒழுங்காகவே பதில் வந்தது, அதையும் பக்கத்தில் போட்டாள். ஒலிப்பதிவு எங்களுடையது, அதை ஏற்றக் கூடாது. பேச்சை எழுதியவர் ஜோதியம்மாள், எழுத்துரிமை அவருக்குத்தான். அவர் கைப்பட சம்மதம் தந்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. படித்ததும் எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றியிருக்கவில்லை.

மெயிலில் பேசிவைத்துக்கொண்டு, சனிக்கிழமை இருவரும் ஓசூரில் சந்தித்து ராயக்கோட்டைக்கு பஸ் ஏறினோம். தக்காளி மண்டியை ஒட்டித்தான் ஜோதியம்மாள் வீடு. கௌசர் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து பக்கத்தைக் காட்டினாள். ஜோதியம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முகம் மாறியது. வாய் அசையத் தொடங்கியது, நிற்கவே இல்லை. கௌசர் தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்னம்மா சொல்லுதாங்க?” என்றேன்.

அவள் லேப்டாப்பை மடிக்கு இழுத்து, கேட்கக் கேட்கத் தட்டினாள். எழுத்துகள் என் கண்ணெதிரே ஓடின.

“ஏம்மா, ராத்திரி பகலா யோசிச்சு எழுதறது நானு, பேசறது நானு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? பக்கத்துத் தோட்டத்துல ஒரு தக்காளி பறிக்கறதுன்னாகூட கேட்டுட்டுத்தானே பறிக்கறோம்? எங்க நாத்தனாரைப் பத்தி பேசினது காத்தோட போயிடும்னுதானே பேசினேன்? அதையும் ஏத்திட்டீங்க. இருமினதை எதுக்கும்மா எழுதினீங்க? கேட்டவங்க அன்னைக்கே மறந்திருப்பாங்க. இப்ப நான் உலகம் பூரா இருமிக்கிட்டே கெடக்கறேன்!”

படிக்கப் படிக்க எனக்கு வாயெல்லாம் பல்.

“இவரு எதுக்கு இளிக்கறாரு?” என்று திரையில் விழுந்தது.

“ஏசுங்கம்மா, நல்லா ஏசுங்க!” என்றேன். “காது போனதுல இருந்து ஒருத்தரும் என்னைய இம்புட்டு நீளமா ஏசினதில்ல. வீட்டுல ஏசுததக்கூட நிப்பாட்டிட்டா. ஒங்க பேச்சு ஒண்ணுதான் எனக்கு முழுசாக் கெடைக்கி. கேக்காம போட்டது தப்புதான், மன்னிச்சிருங்க. ஆனா அதை அழிச்சிராதீங்க. இருமலோடயே வேணும் எனக்கு.”

ஜோதியம்மாள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்தார். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பேப்பர் கேட்டு வாங்கி, நாத்தனார் கதையை எடுத்துவிட வேண்டும், இனி ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று எழுதிச் சம்மதக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கை கூப்பத்தான் முடிந்தது.

“ரொம்பப் பெரிய உபகாரம்மா!” என்றேன்.

அவர் கௌசர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அவள் தோள் குலுங்கக் குலுங்கத் தட்டினாள்: “இவரை மெதுவாப் பேசச் சொல்லும்மா. போடற சத்தத்துக்கு, ஏலம் ஆரம்பிச்சிடுச்சுன்னு மண்டி ஆளுங்க கூடையைத் தூக்கிக்கிட்டு ஓடியாரப் போறாங்க.”

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, என்னவென்று நான் கேட்பேன். ஒன்றுமில்லை, விடு என்று கையை ஆட்டுவார்கள். அன்றைக்கு அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நானும் சிரித்துவிட்டேன்.