மூன்றாவது கியர்

மாலைகளை வாங்கி அப்பாவின் காலடியில் வைத்துக்கொண்டிருந்த தனப்பிரியாவுக்கு அண்ணன் கவினின் குரல் மறுபடியும் கேட்டது. “வண்டி பறந்துச்சுங்க. அதுக்குள்ள முடிஞ்சுருச்சு. தங்கச்சியப் பாத்துக்க கவினுன்னாரு, கண்ண மூடிட்டாரு.”

வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் அந்த வசனம் நீண்டது. இப்போது அதில் கோழிப்பண்ணையும் அவன் பொறுப்பில் வந்துவிட்டது.

அப்பாவின் தலை அந்தத் தங்கச்சியின் மடியில்தான் இருந்தது.

நெஞ்சு வலிக்கிறதென்று அப்பா சுப்பையன் உட்கார்ந்தபோது அம்மா செல்லாயி பண்ணையில் இருந்தாள். தனப்பிரியா நூற்றெட்டுக்கு அடித்தாள். கவின் போனைப் பிடுங்கி, வேண்டாமென்று சொல்லி வைத்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் தன் ஸ்போர்ட்ஸ் கார் நாமக்கல்லையே தாண்டிவிடுமாம். அதன் பின்சீட்டில் ஆளை மடித்தால்தான் கொள்ளும். அப்பாவை மடித்தார்கள்.

போன மாதம்தான் இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி எழுதவைத்து இழுவையை ஏற்றியிருந்தான். ஜேடர்பாளையம் தாண்டி ஓங்கி மிதித்தான். கிளட்ச் வழுக்கிச் சூடேற, கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூன்றாவது கியரில் உட்கார்ந்துவிட்டது. அதன்பின் மொபெட்டுகள் முந்தின. அந்தக் காரில் பிழைத்துக்கொள்ளும் ஏற்பாடு கியர்பாக்ஸுக்கு மட்டும்தான் இருந்தது.

அதை எழுதிக்கொடுத்த மெக்கானிக் சிவபிரகாஷும் மாலையோடு வந்தான். யாரும் கேட்காமலே தனப்பிரியாவை ஓரமாக அழைத்துச் சொன்னான். “கியர்பாக்ஸுக்கும் எழுதோணும், கிளட்ச் மாத்தோணும்னு சொன்னனுங்க. உங்கண்ணந்தான் சத்தம் வர்ற சைலன்சர் போதும்னுட்டாப்ல.”

ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டியை ஏந்தி வந்த கவின், அம்மாவின் முன்னால் நின்றான். “தங்கச்சிய நான் பாத்துக்கறனம்மா. அப்பாவுக்கு வாக்குக் குடுத்துருக்கறேன்.”

“அப்பா அதச் சொல்லவே இல்ல” என்றாள் தனப்பிரியா.

அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார் தாய்மாமன். செல்லாயி அவர் பக்கம் திரும்பவில்லை.

“என்ன சாமி சொன்னாரு?”

“பின்னால முட்டை லாரி ஆரன் அடிச்சுட்டே வந்துச்சு. ‘அவனுக்கு வழி உடு சாமி, நேரத்துக்குப் போவட்டும்’னாரு.” தனப்பிரியாவின் குரல் உயரவில்லை. “லாரி போயிருச்சும்மா. நாங்கதான் போவல. நூத்தியெட்ட இவந்தான் வேண்டாம்னான்.”

அப்பாவைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். காற்று திரும்பி, சட்டியின் புகை கவினின் முகத்தில் அடித்தது. கண்ணும் மூக்கும் ஒழுகின. இரண்டு கையும் சட்டியில் இருந்தன.

செல்லாயி பக்கத்தில்தான் நின்றாள்; துடைத்துவிட முந்தானையை எடுக்கவில்லை.