திருப்பி வைத்த தொட்டிகள்

குரோட்டன் செடிக்கும் முகம் உண்டு என்று அவள் முதலில் சொன்னபோது நர்சரி டிரைவர் சிரித்தார். இப்போது அவரே வண்டியில் ஏற்றும்போது, “இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டியில் கை வைக்கிறார்.

வெட்டவெளியில் வளரும் செடிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் சிவப்பும் மஞ்சளுமாகக் கொழுந்துவிட்டு நிற்கும். அதையே தூக்கிக்கொண்டு போய் ஓர் அறைக்குள் வைத்தால் ஜன்னலைப் பார்த்த பக்கத்தில் மட்டும் நிறம் தங்கும். அறையைப் பார்த்த பக்கம் நாளாக நாளாகப் பச்சையாகிவிடும்.

ஆபீஸ்களுக்கு வாடகைக்குச் செடி கொடுக்கும் நர்சரியில் அவளுக்கு வேலை. காலையில் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, ஈரத்துணியால் இலை துடைத்து, இலைக்கு அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பாள். நிறம் மங்கியதை வண்டியில் அனுப்பிவிட்டு வெயிலில் தேறியதை அந்த இடத்தில் வைப்பாள். மங்கியதை உடனே வெயிலில் வைத்துவிடவும் கூடாது, இலை காகிதம் மாதிரி பொசுங்கிப் போகும். முதலில் நிழல்வலைக்கு அடியில் வைத்து, பிறகு காலை வெயிலுக்கு நகர்த்தி, அதற்கும் பழகிய பிறகுதான் வெட்டவெளி.

“செடி ஆபீஸ்ல உக்காந்தா கலர் போகுது. நான் வெயில்ல நின்னா கலர் போகுது” என்பார் டிரைவர். “படைச்சவன் எங்க ரெண்டு பேர் சீட்டையும் மாத்திக் குடுத்துட்டான்.”

அவள் வீட்டு ஜன்னலோரமாகவும் மூன்று தொட்டிகள் இருந்தன. ஏதோ ஓர் ஆபீசில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்று, நர்சரியில் வேண்டாம் என்று ஒதுக்கியவை. கிளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், உள்ளே பச்சை இருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இடம் மாறினால் குரோட்டன் அப்படித்தான் முறுக்கிக்கொள்ளும். ஓரிடத்தில் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விட்டு, சும்மா நோண்டாமல் இருந்தால் துளிர்த்துவிடும். துளிர்த்தும்விட்டன. நிறமான பக்கம் தெருவைப் பார்க்க, பச்சைப் பக்கம் வீட்டைப் பார்க்க நின்றன.

முன்பு இருந்த வீட்டில் இந்த விஷயத்துக்கே சண்டை வரும். குழந்தையின் அப்பாவுக்கு அது பொறுக்காது.

“காசு குடுத்து வாங்கினவன் நான். கலரை ரோட்ல போறவனுக்கா காட்டுறே?”

சத்தம் போட மாட்டான். அவன் ஒருநாளும் சத்தம் போட்டவனில்லை. பேசிக்கொண்டே தொட்டியைத் திருப்பி வைப்பான், கூடவே ஒரு சொம்பு தண்ணீரையும் ஊற்றுவான். காலையில் அவள் ஜன்னல் பக்கம் திருப்புவாள், சாயங்காலம் அவன் அறைப்பக்கம் திருப்புவான். வேர் அழுகி இலை கொட்டியதும், “உனக்கு ஒரு செடி வளர்க்கத் துப்பில்லை” என்பான். விஷயம் செடியோடு நின்றிருந்தால் யாரிடம் சொன்னாலும் சிரித்திருப்பார்கள். அவள் போன் பேசும்போது எதிரில் வந்து உட்காருவான். வெளியே போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவான். கழுத்தைப் பிடித்த அன்றைக்கும் குரல் உயரவில்லை. அவள் குழந்தையோடு பிரிந்து வந்த பிறகு ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் குழந்தையை அழைத்துக்கொண்டு போனவன், போனை அணைத்துவிட்டு இரண்டு நாள் கண்ணில் படவே இல்லை. திரும்பக் கொண்டுவந்து விட்டபோது, “இந்தத் தடவை குடுத்துட்டேன். அடுத்த தடவை குடுக்க மாட்டேன்” என்றான்.

அதன் பிறகுதான் நீதிமன்றம் அவன் கிட்டே வரக்கூடாது என்று தடை போட்டது. அவள் ஊர் மாறினாள், போன் நம்பரை மாற்றினாள். புதுப் பள்ளிக்கூடத்திலும் வேலை இடத்திலும் விஷயத்தைச் சொல்லி வைத்தாள். வீட்டுக்காரம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. புருஷனுக்குப் பயந்து வந்தவள் என்று தெரிந்தால் வீடு கொடுக்க யோசிப்பார்களே என்று, புருஷன் வெளிநாட்டில் இருக்கிறார் என்று ஒரு பொய் சொல்லியிருந்தாள்.

அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வயதுக்குச் சின்ன உருவம் என்பதால் தெருவில் எல்லோரும் குழந்தையைச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள். கீழ்வீட்டு வாசலில் வீட்டுக்காரம்மா தையல் மெஷினில் குனிந்திருந்தார்.

“என்ன சுண்டெலி, இன்னைக்கு யாரை மிரட்டிட்டு வர்றே?”

“மிஸ்ஸை” என்றது குழந்தை.

வீட்டுக்காரம்மா அவளை நிமிர்ந்து பார்த்து, எதையோ வாயில் அடக்கி வைத்திருப்பவர் மாதிரி சிரித்தார். “போம்மா, மேல போ. சீக்கிரம் போ.”

வெயிலில் தலை வலித்தது. அந்தச் சிரிப்பை அவள் யோசிக்கவில்லை. மாடியேறிக் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். இழுத்துவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. நல்லவேளையாக இழுக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் செடிகளைப் பார்த்துவிட்டாள்.

மூன்று தொட்டிகளும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் அறைக்குள் பளிச்சென்று தெரிந்தது. பச்சைப் பக்கம் தெருவைப் பார்த்திருந்தது.

ஒரு விநாடி அழகாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. அடுத்த விநாடி பழைய வீடு ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டுக்காரம்மாவிடம் இன்னொரு சாவி உண்டு. ஜன்னல் துடைக்க வந்திருக்கலாம், குழாய்க்காரன் வந்திருக்கலாம், நகர்த்தியவர்கள் மாற்றி வைத்திருக்கலாம். மனசு ஒவ்வொரு சமாதானமாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு.

தொட்டிக்கு அடியில் வைத்திருந்த தட்டில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. மேல்மண் கறுத்து, இலைக்காம்புவரை நனைந்திருந்தது. ஊற்றிய தண்ணீர் ரொம்ப நேரத்துக்கு வடியாது. யாரோ இப்போதுதான் ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றியவன் படியிறங்கி அவளுக்கு எதிரே வரவில்லை.

காலையில் திறந்து வைத்துவிட்டுப் போன பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

“அம்மா, ஒண்ணுக்கு வருது” என்று குழந்தை பின்னறையைப் பார்த்து ஓடியது. பாத்ரூம் அந்த அறைக்குள்தான்.

எட்டிப் புத்தகப் பையின் பட்டையைப் பிடித்துவிட்டாள்.

“இரு. கீழ பெரியம்மா வீட்ல போலாம்.”

“அவசரமா வருதும்மா.”

“பரவால்ல, வா.” தன் குரல் சாதாரணமாக இருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“ஏன், நம்ம வீட்ல என்ன?”

“தண்ணி வரலை.”

சொல்லி முடிக்கும்போதே தட்டில் ஒரு சொட்டு விழுந்தது. குழந்தை திரும்பித் தொட்டியைப் பார்த்தது. கதவுக்குப் பின்னால் நிற்பவன் இதே வீட்டுக் குழாயில்தான் தண்ணீர் பிடித்திருக்கிறான். அவள் சொன்னது பொய் என்று உலகத்தில் இந்த நிமிஷம் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவன்.

பின்னறைக் கதவின் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.

பையோடு சேர்த்துக் குழந்தையை வாசலுக்கு வெளியே இழுத்துத் தள்ளினாள். கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளேயிருந்து குமிழைத் திருகினால் திறந்துவிடும். கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அவள் குடிவந்ததிலிருந்து யாரும் போட்டதில்லை. மேலே பெயிண்ட் அடித்து அது அப்படியே ஒட்டிப்போயிருந்தது. ஒரு கையால் கதவைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதை அசைத்தாள். அசையவில்லை. உள்ளே காலடிகள் அவசரமில்லாமல் வந்தன. தன் தோள்பையிலிருந்த கிளை வெட்டும் கத்தரியை எடுத்து அதன் பிடியால் ஓங்கி அடித்தாள். பெயிண்ட் உரிந்தது. குமிழ் உள்ளங்கையில் திரும்புவது தெரிந்தது. இன்னொரு அடியில் தாழ்ப்பாள் நகர்ந்து துளையில் விழுந்தது. கதவு ஒருமுறை உள்பக்கமாக அதிர்ந்து நின்றது.

“என்னம்மா இது?” என்றான் உள்ளிருந்து. கேலியும் இல்லை, கோபமும் இல்லை. “சின்னப்புள்ளைத்தனமா. கதவைத் திற.”

அவள் முதுகைத் தாழ்ப்பாள்மேல் வைத்துச் சாய்ந்துகொண்டு போலீசுக்குப் போன் செய்தாள். நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். எதிர்முனையில் விலாசம் கேட்டார்கள். தன் தெருவின் பெயர் அவளுக்கு மறந்துவிட்டது. குழந்தைதான் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல விலாசத்தைச் சொன்னது.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா மூச்சு வாங்க மேலே வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

“என்னம்மா இடிக்கிற சத்தம்? உன் அண்ணன் எங்க?”

“எனக்கு அண்ணனே இல்லக்கா.”

“நான்தானே கதவைத் திறந்து விட்டேன். வெளியூர்லேருந்து வந்திருக்கேன், தங்கச்சிக்குத் தெரியாம வந்து நிக்கணும், சொல்லிடாதீங்கன்னாரு. டீ போட்டுக் குடுத்தேனே.”

“அக்கா, அது இவளோட அப்பா. கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு. போன தடவை இவளைத் தூக்கிட்டுப் போயிட்டான்.”

“உன் வீட்டுக்காரர் வெளிநாட்லன்னு சொன்னே?”

“பொய் சொன்னேன்.”

வீட்டுக்காரம்மாவின் முகம் மாறியது. அவளுக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. உள்ளிருந்தவனும் சும்மா இருக்கவில்லை.

“அம்மா, நீங்களே கேளுங்க. புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். புள்ளை முகத்தைப் பாத்துட்டுப் போகத்தானே வந்தேன். ஒரு சொட்டுக் கோபமா பேசினேனா? தாழ்ப்பாளை எடுத்து விடுங்கம்மா, அசிங்கமா இருக்கு. நாலு பேர் பாத்தா உங்க வீட்டுக்குத்தானே கெட்ட பேரு.”

நல்ல குரல். யாரும் நம்பிவிடுகிற குரல். அவளே எத்தனையோ வருஷம் நம்பியிருக்கிறாள். வீட்டுக்காரம்மா ஒரு படி ஏறி வந்து கையை நீட்டினார்.

“நகரும்மா. உள்ள பூட்டி வைக்கிறது தப்பு. பேசித் தீத்துக்கலாம், நான் கூட நிக்கிறேன்.”

“வேண்டாம்க்கா. திறந்தா இவ எனக்கு இல்ல.”

“பாப்பா” என்று உள்ளிருந்து கூப்பிட்டான். “அப்பாடா கண்ணு. அம்மாகிட்ட கதவைத் திறக்கச் சொல்லு.”

குழந்தை வீட்டுக்காரம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. கொஞ்ச நேரத்தில் அதன் வெள்ளைக் காலுறை நனைந்து, படியில் ஈரம் வழிந்து இறங்கியது.

வீட்டுக்காரம்மா குனிந்து படியைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார்.

“என்கிட்ட அண்ணன்னுதானே சொன்னீங்க, தம்பி?”

“வாய் தவறி வந்துடுச்சும்மா.”

“வாய் தவறினா ஒரு தடவை வரும். டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் தங்கச்சி தங்கச்சின்னு உருகினியே.”

வீட்டுக்காரம்மா விறுவிறுவென்று மொட்டைமாடிக்கு ஏறிப் போனார். போய்விட்டார், இனி நாம் தனிதான் என்று நினைத்து அவள் இன்னும் அழுத்தி நின்றாள். மேலே இரும்பு உரசும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் மொட்டைமாடிக் கதவின் பெரிய பூட்டு இருந்தது. அவளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தாழ்ப்பாளில் மாட்டி அழுத்தினார். சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

“போலீஸ் வரட்டும்” என்றார். “என் வாயாலயே சொல்றேன். திறந்து விட்டது நான்தானே.” குரல் பிசிறியது. அவருக்கும் பயம்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

உள்ளே ஒரு தொட்டி உடைந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மூன்றாவதுக்காகக் காத்திருந்தாள், அது வரவில்லை. அவன் கதவுக்கு மிகப் பக்கத்தில், மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்பது மூச்சில் தெரிந்தது.

“சரி” என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “நீ இப்ப எங்க இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல?”

வீட்டுக்காரம்மா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். “உனக்கு என் பேத்தியோட கவுன் தர்றேன் சுண்டெலி. உனக்குப் பெருசாத்தான் இருக்கும், பரவால்லியா?” குழந்தை அவர் தோளுக்கு மேலாக அம்மாவைப் பார்த்தது.

“அம்மா, போலீஸ் வந்தா கதவைத் திறப்பாங்களா?”

“திறப்பாங்க.”

“அப்ப நான் எங்க இருக்கணும்?”

“பெரியம்மா வீட்டுக்குள்ள. கதவைச் சாத்திக்கிட்டு.”

“நீ?”

அவள் கையால் போ என்று காட்டினாள். கீழ்வீட்டுக் கதவு சாத்தி, உள்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகு படியில் உட்கார்ந்தாள். கத்தரியை இறுக்கிப் பிடித்த விரல்களை விரிக்க முடியவில்லை. தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது, வாசலில் வந்து நின்றது. படிகளில் பூட்ஸ் கால்கள் ஏறி வந்தன. அவள் பூட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.